பழைய இன்ஜினுக்குச் சரியான பிளக் வயர்: தேர்வு முதல் சோதனை வரை

பழைய இன்ஜினுக்குப் பிளக் வயர் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜைக் கொண்டுபோகும் வயர்) வாங்கப் போகிறவர்கள் கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்க்கிறார்கள்: நிறம், தடிமன், பெட்டியின் மேல் உள்ள பெயர். வயர் வீட்டுக்கு வந்த பிறகுதான் டிஸ்ட்ரிபியூட்டர் (இக்னிஷன் காயில் உண்டாக்கும் உயர் வோல்டேஜை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பிரித்தனுப்பும் பாகம்) கேப்பில் முனை நுழையவில்லை, பிளக் பக்கம் பூட் (முனையை மூடும் ரப்பர் உறை) மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் குழாயில்) இடிக்கிறது, புதிதாகப் போட்ட எலெக்ட்ரானிக் இக்னிஷன் சூடானதும் தடுமாறுகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

பார்க்க வேண்டிய வரிசை இது: இக்னிஷன் வகை, வயரின் கோர், மொத்த ரெசிஸ்டன்ஸ், உறையும் தடிமனும், இரண்டு பக்க முனைகள், நீளம். முந்தையது முடிவாகாமல் அடுத்ததைத் தேர்ந்தெடுக்க முடியாது. நிறம் இந்த வரிசையிலேயே இல்லை. எல்லாம் முடிந்தபின் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

20 கிலோ ஓம், 200 கிலோ ஓம் அளவுகள் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர். வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் மெல்லிய கம்பி ஒன்றரை மீட்டர், நீளம் அளக்க. வெர்னியர் காலிப்பர். எண் எழுதி ஒட்ட மாஸ்கிங் டேப். டைஎலெக்ட்ரிக் சிலிக்கோன் கிரீஸ் சின்ன டியூப் ஒன்று. வயரை நீங்களே வெட்டி முடிப்பதாக இருந்தால் பிளக் வயருக்கென்றே உள்ள கிரிம்பிங் கருவியும் (டெர்மினல் எனும் உலோக முனையை வயரில் அழுத்திப் பிடிக்க வைப்பது) புது பிளேடும் வேண்டும்.

இவற்றோடு அந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் சுடும் வரிசை) ரோட்டர் (கேப்புக்குள் சுழன்று ஒவ்வொரு வயருக்கும் கரண்ட்டைத் தரும் பாகம்) சுற்றும் திசையும் தெரிந்திருக்க வேண்டும். சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சில இன்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டிலேயே வார்த்திருப்பார்கள்.

பழைய வயர்களைக் கழற்றும் முன் நான்கு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் சிலிண்டர் எண்ணை ஒட்டுங்கள். கேப்பில் முதல் சிலிண்டரின் டவர் (வயர் நுழையும் குழல்) எது என்று ஒரு புள்ளி வையுங்கள். புது வயர் மாட்டிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் பேக் ஃபயர் அடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டு வயர் இடம் மாறியிருப்பதைத்தான்.

இன்ஜின் ஆறிய பிறகு வேலை செய்யுங்கள். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பூட்டைப் பிடித்து அரைச் சுற்று திருகி, ஒட்டல் விட்டதும் இழுங்கள். பழைய வயர்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீளத்துக்கும் முனைக்கும் அவைதான் மாதிரி.

2. கேப்பைத் திறந்து இக்னிஷனை உறுதி செய்யுங்கள்

'இது பழைய வண்டி, பாயிண்ட்தான் இருக்கும்' என்று முடிவு கட்டாதீர்கள். முன்பு வைத்திருந்தவர் பாயிண்ட்டை (காயிலுக்குப் போகும் கரண்ட்டைத் திறந்து மூடும் தொடுமுனை) எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருக்கலாம். வெளியே பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பழைய மாதிரியேதான் இருக்கும்.

கேப்பையும் ரோட்டரையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே பாயிண்ட்டும் கண்டன்சரும் இருந்தால் சாதாரண காயில் இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து காயிலுக்கு ஒரே ஒரு மெல்லிய வயர்தான் போகும். பாயிண்ட் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு மாட்யூலும், கேம் மேல் காந்த வளையமும் இருந்தால் அது எலெக்ட்ரானிக் மாற்றுக் கிட். அதிலிருந்து பெரும்பாலும் இரண்டு வயர்கள் வெளியே வரும்.

பேட்டரியும் தனிக் காயிலும் இல்லாமல் தானே கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோவாக இருந்தால் அது மூன்றாவது வகை. பழைய டிராக்டர், கிக் ஸ்டார்ட் மோட்டார் சைக்கிள், நிலையான இன்ஜின் இவற்றில் இதைப் பார்க்கலாம்.

இந்த மூன்றில் எது என்பதுதான் கோரைத் தீர்மானிக்கிறது. இங்கே தவறினால் பின்னால் செய்வது எதுவும் உதவாது.

3. கோரைத் தேர்ந்தெடுங்கள்

வயருக்குள் கரண்ட் போகும் நடுப்பகுதிதான் கோர். மூன்று வகை உண்டு.

காப்பர் கோர்: பல இழை செம்பு, அல்லது வெள்ளீயம் பூசிய செம்பு. ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். உறுதியானது, வெட்டி முடிப்பது சுலபம், ஆணி வயரைக் குத்திப் பிடிக்கும் பழைய கேப்புகளுக்கும் பொருந்தும். குறை ஒன்று: ஒவ்வொரு ஸ்பார்க்கும் வயரை ஆன்டெனாவாக்கி ரேடியோ இரைச்சலைப் பரப்பும்.

கார்பன் கோர்: கண்ணாடி இழையிலோ அராமிட் இழையிலோ கார்பனை ஊறவைத்தது. மீட்டருக்கு சுமார் 10,000 முதல் 25,000 ஓம் வரை இருக்கும். இரைச்சலை நன்றாக அடக்கும். ஆனால் இழுத்தாலும் கூர்மையாக மடித்தாலும் கோர் உள்ளேயே அறுந்துவிடும். அறுந்த இடத்தில் ஸ்பார்க் தாவித் தாவி கார்பனை எரிக்கும், ரெசிஸ்டன்ஸ் ஏறிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் வயர் புதிது போலவே இருக்கும்.

ஸ்பைரல் கோர்: ஃபெரைட் கலந்த நடுத்தண்டின் மேல் மெல்லிய உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியது. மீட்டருக்கு சில நூறு ஓமிலிருந்து 6,000 ஓம் வரை, தயாரிப்பைப் பொறுத்து. இரைச்சலை ரெசிஸ்டன்ஸைவிடச் சுருள் அமைப்பாலேயே அதிகம் அடக்குகிறது. கார்பனைவிட நாள்பட உழைக்கும்.

இனி எது எதற்கு என்று பார்ப்போம்.

மேக்னெட்டோ என்றால் காப்பர் கோர். கிக் அடிக்கும்போதோ கையால் சுழற்றும்போதோ மேக்னெட்டோ மெதுவாகத்தான் சுற்றும். அப்போது அது தரும் சக்தி குறைவு. அதில் ஒரு பங்கை வயரிலேயே சூடாக்கி வீணடிக்கக் கூடாது.

பாயிண்ட் இருக்கிறது, வண்டியில் ரேடியோ இல்லை, வேறு எலெக்ட்ரானிக் சாதனமும் இல்லை என்றால் காப்பர் கோரே போதும். ரெசிஸ்டர் உள்ள பிளக்கோ பிளக் கேப்போ சேர்த்துக்கொண்டால் அக்கம்பக்கத்தாருக்கும் தொந்தரவு குறையும். ரேடியோ உண்டு என்றால் கார்பனோ ஸ்பைரலோ போடுங்கள்.

எலெக்ட்ரானிக் மாட்யூல் என்றால் வெறும் காப்பர் கோர் கூடவே கூடாது. இங்கேதான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். பழைய தோற்றம் கெடக்கூடாதென்று காப்பர் வயரை வைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் எலெக்ட்ரானிக் கிட்டை மாட்டுவார்கள். வயரின் இரைச்சல் மாட்யூலின் சென்சாருக்குள் புகுந்து, அது தவறான நேரத்தில் காயிலைச் சுட வைக்கும். ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஒன்றும் தெரியாது; வேகம் ஏறியதும் மிஸ் அடிக்கும் (சில முறை கலவை பற்றாமல் போகும்). பழி கிட்டின் மேல் விழும். இதற்கு ஸ்பைரல் கோர்தான் முதல் தேர்வு, கார்பன் இரண்டாவது.

ரெசிஸ்டன்ஸ் இருந்தால் ஸ்பார்க் பலவீனமாகிவிடும் என்ற பயம் பரவலாக உண்டு. நல்ல காயில் இருக்கும் வண்டியில் அது தேவையில்லாத பயம். ஸ்பார்க் தாவும் வரை வயரில் கரண்ட் மிகக் குறைவாகவே ஓடும்; ஆகவே வோல்டேஜ் இழப்பும் மிகக் குறைவு. தாவிய பிறகு நிலையாக ஓடுவது சில பத்து மில்லி ஆம்பியர்தான். 40 மில்லி ஆம்பியர் 10,000 ஓம் வழியாகப் போனால் இழப்பு 400 வோல்ட். காயில் 15,000 முதல் 25,000 வோல்ட் வரை தரக்கூடிய இடத்தில் இது கணக்கிலேயே வராது.

4. மொத்த ரெசிஸ்டன்ஸைக் கூட்டிப் பாருங்கள்

வயர் மட்டும் ரெசிஸ்டன்ஸ் அல்ல. காயிலிலிருந்து பிளக் நுனி வரை நான்கைந்து இடத்தில் அது ஒளிந்திருக்கலாம்: காயில் வயர், ரோட்டர், பிளக் வயர், பிளக் கேப், பிளக்.

ரெசிஸ்டர் பிளக் என்பதைப் பெயரில் வரும் 'ஆர்' என்ற எழுத்து காட்டிக்கொடுக்கும். என்.ஜி.கே. என்ற பிளக் நிறுவனத்தின் பி.பி.6.இ.எஸ் சாதாரண பிளக், பி.பி.ஆர்.6.இ.எஸ் ரெசிஸ்டர் பிளக், உள்ளே சுமார் 5,000 ஓம். மோட்டார் சைக்கிள் பிளக் கேப்புகளிலும் 5,000 ஓம் உள்ளவை சகஜம். சில ரோட்டர்களின் நடுவில் எபாக்சியில் புதைத்த ரெசிஸ்டர் இருக்கும். மல்டிமீட்டரை நடுமுனையிலும் நுனியிலும் வைத்தால் தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. மீட்டருக்கு 16,000 ஓம் உள்ள கார்பன் வயர், பிளக் பக்கம் 50 செ.மீ., காயில் பக்கம் 30 செ.மீ. முதலாவது 8,000, இரண்டாவது 4,800. ரெசிஸ்டர் பிளக் 5,000, ரெசிஸ்டர் ரோட்டர் 5,000. மொத்தம் 22,800 ஓம். ஆரோக்கியமான காயில் இதைத் தாங்கும். இதன்மேல் ரெசிஸ்டர் பிளக் கேப்பும் போட்டால் 28,000-ஐ நெருங்கும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட்டர் பேட்டரியை இழுக்கும் நேரத்தில் சிரமம் தெரிய ஆரம்பிக்கும்.

பாயிண்ட் இக்னிஷனில் மொத்தம் 25,000 ஓமைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மேக்னெட்டோவில் 5,000 ஓமுக்குள், அதாவது ஒரே ஒரு ரெசிஸ்டர் போதும். எந்த இடத்தில் இரைச்சலை அடக்குவது என்று தீர்மானித்து, மற்ற இடங்களில் ரெசிஸ்டர் இல்லாததை வாங்குங்கள்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பழைய ஏற்பாடு இதற்கு நல்ல மாதிரி: வயர் காப்பர், ரெசிஸ்டன்ஸ் முனைகளில் உள்ள கனெக்டர்களில். இப்படிப்பட்ட வண்டியில் கனெக்டரை அப்படியே விட்டுவிட்டு வயரை மட்டும் கார்பனாக மாற்றினால், கணக்கு இரட்டிப்பாகும்.

5. உறையும் தடிமனும்

தடிமனை வண்டிதான் முடிவு செய்யும். பாயிண்ட் காலத்து இன்ஜின்கள் பெரும்பாலும் 7 மி.மீ. வயருக்காக அமைந்தவை. கேப்பின் துளை, வயரைத் தாங்கும் கிளிப், ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8-ல் வயர் போகும் இரும்புக் குழாய் எல்லாமே அந்த அளவுதான். 8 மி.மீ. வயரை அதில் திணித்தால் கிளிப் வயரைக் கடிக்கும், குழாய்க்குள் இழுக்கும்போது உறை உரியும். பழைய வயரைக் காலிப்பரில் அளந்துவிடுங்கள். நாள்பட்ட ரப்பர் ஊதியிருக்கலாம் என்பதால் கிளிப்பின் துளையையும் அளந்து ஒப்பிடுங்கள்.

8 மி.மீ.யும் அதற்கு மேலும், ஜெனரல் மோட்டார்ஸின் எச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்) போல அதிக வோல்டேஜ் தரும் எலெக்ட்ரானிக் அமைப்புகளுக்கானவை. பாயிண்ட் இக்னிஷனில் தடித்த வயர் போட்டால் குதிரைசக்தி கூடாது. வயர் கரண்ட்டை உண்டாக்குவதில்லை. கசியாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

உறைப் பொருளை வெப்பம் தீர்மானிக்கிறது. பி.வி.சி. சுமார் 100 டிகிரிக்கு மேல் இளகும். மேனிஃபோல்டிலிருந்து தள்ளி ஓடும் வயருக்கு மட்டும் சரி. இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் சுமார் 150 டிகிரி வரை தாங்கும். சிலிக்கோன் 200 டிகிரியைத் தாண்டும், ஆனால் மென்மையானது. கூரான தகரத்தில் உரசினாலோ கிளிப்பில் நசுங்கினாலோ கிழியும். எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பிளக்குக்கு மேலேயோ ஒட்டியோ இருக்கும் இன்ஜின் என்றால் சிலிக்கோன் உறை, அல்லது சிலிக்கோன் பூட்டோடு இ.பி.டி.எம். உறை.

வண்டியை அசல் தோற்றத்தில் காட்ட விரும்புபவர்களுக்கு, மேலே வார்னிஷ் ஏற்றிய பருத்திப் பின்னலும் உள்ளே இன்றைய இன்சுலேஷனும் உள்ள வயர் கிடைக்கிறது. வாங்குமுன் உள்ளே என்ன கோர் என்று கேளுங்கள். துணி உறை உள்ளதில் பெரும்பாலானவை காப்பர். பல ஆண்டு கிடப்பில் இருந்த 'பழைய புதுச் சரக்கு' வயரைக் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், ஓட்ட வேண்டாம். பெட்டியிலேயே இருந்தாலும் ரப்பர் முதுமையடையும். வளைத்துப் பாருங்கள், நுண்ணிய வெடிப்புகள் கண்ணில் படும்.

6. இரண்டு முனைகள்

பொருந்தாத வயர் திரும்பிப் போவது பெரும்பாலும் முனையால்தான். கேப், காயில், பிளக் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கேப் பக்கம். பொதுவான வகை, குழிந்த டவர். வயரின் நுனியில் உள்ள பித்தளையோ அலுமினியமோ ஆன டெர்மினல் அடி வரை இறங்கி இறுக வேண்டும். இரண்டாவது வகை எச்.இ.ஐ. போன்றது, கேப்பிலேயே பிளக் தலை போன்ற ஆண் முனை நிற்கும், வயரின் டெர்மினல் அதன்மேல் கவ்வும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது.

மூன்றாவது, பழைய லூக்காஸ் (பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனம்) டிஸ்ட்ரிபியூட்டர்களில் வரும் பக்கவாட்டு நுழைவுக் கேப். இதில் வயருக்கு டெர்மினலே கிடையாது. வயரை நேராக வெட்டி, பக்கத் துளையில் அடி வரை தள்ளி, கேப்பின் உட்புறமிருந்து கூர்முனைத் திருகாணியை முறுக்க வேண்டும். ஆணி உறையைத் துளைத்துக் கொண்டு இழைகளுக்குள் இறங்கும். இங்கே காப்பர் கோர் மட்டுமே சரிவரும். கார்பன் இழையில் ஆணி குத்தினால் ஒன்று கோர் அறுபடும், இல்லையேல் இணைப்பு பேருக்குத்தான் இருக்கும். இந்தக் கேப்போடு எலெக்ட்ரானிக் மாட்யூலும் வேண்டும் என்றால், மேல் நுழைவுக் கேப்பாக மாற்றுவதுதான் நேர்வழி. பல லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு இரண்டு கேப்பும் கிடைக்கின்றன.

காயில் பக்கம். இன்று பழகிய தள்ளிச் சொருகும் வகை அல்லாமல், பழைய லூக்காஸ் காயில்களிலும் மேக்னெட்டோக்களிலும் சொரசொரப்பான பேக்கலைட் நட் ஒன்று இருக்கும். முதலில் நட்டை வயரில் ஏற்றுங்கள். உறையை 6 மி.மீ. உரித்து, சின்னப் பித்தளை வாஷரை இழைகளின் மேல் செருகுங்கள். இழைகளைப் பூவிதழ் மாதிரி நாலாபுறமும் விரித்து வாஷர் மேல் படிய மடியுங்கள். பிறகு நட்டை முறுக்கினால் வாஷர் காயிலின் தொடுமுனையில் அழுந்தும். ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஈர நாளில் அதன் வழியே கரண்ட் தாவும்.

பிளக் பக்கம். பிளக்கின் தலை இரண்டு விதம்: தடித்த நிலையான தலை, அல்லது 4 மி.மீ. மரை உள்ள மெல்லிய தண்டு. பல பிளக்குகளில் மரைத் தண்டின் மேல் ஒரு நட் ஏற்றியிருக்கும், கழற்றலாம். கார் வயர்கள் பெரும்பாலும் தடித்த தலையைக் கவ்வும். மோட்டார் சைக்கிள் கேப்புகள் பெரும்பாலும் வெறும் மரையை. நட் தளர்ந்திருந்தால் மிஸ் அடிக்கும், குற்றம் வயர் மேல் விழும். கிடுக்கியால் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். இன்னும் பழைய வண்டிகளில் பிளக் தலையில் மாட்டும் திறந்த பித்தளைக் கிளிப்போ, நட்டுக்கு அடியில் அமரும் வளைய முனையோ இருக்கும்.

ஃபோர்டு மாடல் ஏ-யில் கேப்பிலிருந்து பிளக்குக்கு வயரே இல்லை, தட்டையான உலோகப் பட்டைகள்தான். அந்த வண்டிக்குக் காயில் வயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பூட்டின் கோணமும் முக்கியம். நேர், 45, 90, 135 டிகிரி என்று கிடைக்கும். பிளக் மேல் பூட்டை வைத்துப் பார்க்கும்போது வயர் மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளி வெளியேற வேண்டும். அது நடக்கும் கோணமே சரியான கோணம். காற்றுக் குளிர்ச்சி பீட்டில் இன்ஜினில் பிளக் கனெக்டரோடு ஒரு ரப்பர் மூடி வரும். அது தூசுக்காக மட்டும் அல்ல. குளிர்காற்று போகும் தகரத்தில் பிளக் துளையை அதுதான் அடைக்கிறது. அந்த மூடி இல்லாத பொது வயர் செட்டைப் போட்டால் காற்று வெளியேறி, சிலிண்டர் ஹெட்டின் வெப்பம் கூடும்.

7. நீளம் அளப்பது

பழைய வயரின் நீளத்தை அப்படியே நம்ப வேண்டாம். முன்பு யாரோ குத்துமதிப்பாக வெட்டியதாக இருக்கலாம்.

வளையும் கம்பியைக் கேப் டவரின் அடியில் வைத்து, எல்லாக் கிளிப்புகள் வழியாகவும் வயர் போக வேண்டிய பாதையிலேயே கொண்டுபோய், பிளக் தலை வரை அளக்கவும். அதோடு 25 மி.மீ. கூட்டுங்கள். டைமிங் சரிசெய்யும்போது டிஸ்ட்ரிபியூட்டர் சில டிகிரி திரும்பும். அதற்கு இந்தத் தளர்ச்சி வேண்டும்.

காயில் பாடியில் பொருத்தியிருந்தால் காயில் வயருக்கு 40 முதல் 50 மி.மீ. வரை கூட்டவும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ரப்பர் மவுண்ட் மேல் இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. இழுபட்ட காயில் வயர் டவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, ஒரு நாள் இன்ஜினையே நிறுத்திவிடும்.

8. ரெடிமேட் செட்டா, வெட்டிச் செய்வதா?

உங்கள் இன்ஜினுக்கென்றே நீளமும் கோணமும் அமைத்த செட் கிடைத்தால், அதையே வாங்குங்கள். தொழிற்சாலைக் கிரிம்ப்பைக் கையால் செய்து வெல்வது கடினம். கேப்பை மாற்றியவர்கள், காயிலை இடம் மாற்றியவர்கள், இரும்புக் குழாய் வழியே வயரை இழுக்க வேண்டியவர்கள் ஆகியோருக்குத்தான் வெட்டிச் செய்யும் செட். இவற்றில் பெரும்பாலும் பிளக் முனை முடிந்தே வரும். கேப் முனையை மட்டும் நீங்கள் முடிக்க வேண்டும்.

9. வெட்டி முடிக்கும் முறை

நீளமான வயரிலிருந்து தொடங்குங்கள். தவறாக வெட்டினாலும் அது அடுத்த குட்டை வயருக்கு உதவும்.

முதலில் பூட்டை வயரில் ஏற்றுங்கள். கிரிம்ப் செய்துவிட்டுப் பிறகு பூட்டைத் தேடுவது எல்லோருக்கும் நேர்வதுதான். அப்போது டெர்மினலை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. பூட் உள்ளே கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும்.

உறையை 12 மி.மீ. உரிக்கவும். பிளேடை வட்டமாக ஓட்டி, பாதி ஆழம் மட்டும் வெட்டி, மிச்சத்தை வளைத்துப் பிளந்துகொள்ளுங்கள். கோரில் பிளேடு பட்டால் அந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கோரை உறையின் மேல் பின்னோக்கி மடியுங்கள். டெர்மினலின் அடித்தகட்டில் அந்த மடிப்பு அமரும்படி வைத்துக் கிரிம்ப் செய்யுங்கள். மின் இணைப்பு உண்டாவது கோர் உலோகத்தோடு அழுந்தும் இந்த இடத்தில்தான். மடிப்பு மேல் பக்கம், அதாவது டெர்மினலின் இறக்கைகள் உள்நோக்கிச் சுருளும் பக்கம் இருந்தால், இறக்கை நுனி கோரைக் குத்தி அறுக்கும்.

கிரிம்பிங் கருவி இறக்கைகளை உருட்டி உறைக்குள் இறக்கும். சாதாரண கட்டிங் பிளேயர் நசுக்கும். நசுக்கிய டெர்மினல் முட்டை வடிவமாகி டவருக்குள் நேராக இறங்காது. கருவி இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள், பிளேயரில் முயல வேண்டாம்.

முடிந்ததும் கையால் மிதமாக இழுத்துப் பாருங்கள். பிறகு மீட்டரை வையுங்கள். மீட்டருக்கு 16,000 ஓம் வயரில் 60 செ.மீ. என்றால் 9,600 வர வேண்டும். இருபது சதவீதம் முன்பின் இருக்கலாம். எல்லையற்ற ரெசிஸ்டன்ஸ் காட்டினால் கோர் டெர்மினலைத் தொடவில்லை. எண் தாவிக்கொண்டே இருந்தால் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. அது இன்னும் மோசம், ஏனென்றால் வண்டி ஓடிப் பாதி வழியில்தான் வெளிப்படும். மீட்டரை வைத்தபடியே வயரை ஆட்டிப் பாருங்கள்.

10. வண்டியில் மாட்டுவதும் வயர் ஓடும் பாதையும்

ஒரு வயரைக் கழற்றி ஒரு வயரை மாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஒட்டிய எண்களை மட்டுமே நம்பியிருக்க வேண்டிவரும்.

கேப் டவருக்குள் டெர்மினல் அடி வரை போனதா என்பதைக் கையால் உணருங்கள். பூட்டுக்குள் அடைபட்ட காற்று வயரை மெல்ல மேலே தள்ளும். பூட்டின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கிக் காற்றை வெளியேற்றி அழுத்துங்கள். மேலேறி நின்ற டெர்மினலுக்கும் டவரின் அடிக்கும் நடுவே ஸ்பார்க் தாவினால் சில வாரங்களில் டவருக்குள் பச்சையோ வெள்ளையோ பொடி படிந்து, கேப்பும் கெடும்.

சிலிக்கோன் கிரீஸைப் பூட்டின் உள்விளிம்பில் மெல்லிய வளையமாகத் தடவுங்கள். அது கரண்ட் கடத்தாது. ஈரத்தைத் தடுக்கவும் பூட் பீங்கானோடு ஒட்டிப்போகாமல் இருக்கவும்தான். டெர்மினலுக்குள் அடைத்து வைக்க வேண்டாம்.

வயர் பாதையில் மிக முக்கியமான விதி: ஃபயரிங் ஆர்டரில் அடுத்தடுத்து வரும், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களின் வயர்களை ஒட்டி இணையாக ஓடவிடாதீர்கள். ஷெவர்லே வி8-ன் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் அடுத்தடுத்துச் சுடும். இன்ஜினிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 5-ம் வயரில் பாயும் அதிர்ச்சி 7-ம் வயரில் ஒரு பொய் ஸ்பார்க்கைத் தூண்டலாம். அப்போது 7-ம் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும். 90 டிகிரி முன்கூட்டியே கலவை பற்றிக்கொண்டால் பிஸ்டனுக்கு அடி. பழைய ஃபோர்டு 302 வி8-ன் 1-5-4-2-6-3-7-8 வரிசையில் 7-ம் 8-ம் அப்படி. இந்த ஜோடிகளை வெவ்வேறு கிளிப்பில் போட்டு, நடுவே வேறொரு வயரை ஓடவிடுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

எல்லா வயர்களையும் டை போட்டு அழகாக ஒரே கட்டாகக் கட்டுவது, பார்க்க ஒழுங்கு. பொய் ஸ்பார்க்குக்கும் அதுவே வழி. எலெக்ட்ரானிக் மாட்யூலின் மெல்லிய வயர்களையும் இவற்றிலிருந்து 5 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள்.

11. ஓட்டிச் சோதித்தல்

ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் கேளுங்கள், பிறகு இருட்டில் பாருங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், இன்ஜின் ஓடும்போது, வயர்கள் மேல் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீரைப் பனி போலத் தெளிக்கவும். சூடான மேனிஃபோல்டில் படவிட வேண்டாம். நீல நிற ஒளி எங்கேயாவது தெறித்தால் அங்கே கசிவு. டிக் டிக் என்ற ஓசையும் வரும். ஓடும் இன்ஜினில் வயரைக் கையால் தொடாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனைக்கு அருகிலேயே வரக் கூடாது.

ஓடும் இன்ஜினில் பிளக் வயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டு 'கரண்ட் வருதா' என்று பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். போக வழி இல்லாத வோல்டேஜ் காயிலின் உள் இன்சுலேஷனையோ ரோட்டரையோ துளைத்துவிடும். ஸ்பார்க் டெஸ்டரை நடுவே போட்டு, இன்ஜின் பாடியில் எர்த் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து, மேடான சாலையில் டாப் கியரில் இழுக்கவிடுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதுதான் ஸ்பார்க் தாவ அதிக வோல்டேஜ் கேட்கும். பலவீனமான இன்சுலேஷன் அப்போது விட்டுக்கொடுக்கும். ஐடிலிங்கில் சரியாக ஓடி மேட்டில் மிஸ் அடித்தால் வயர், கேப், ரோட்டர், பிளக் இடைவெளி இவற்றைப் பாருங்கள். ஐடிலிங்கில் மட்டும் மிஸ் அடித்தால் பெரும்பாலும் வயர் காரணமில்லை. கார்புரேட்டரையும் வால்வையும் பாருங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் தகராறு செய்தால், நீளம் இடம் கொடுக்கும் இன்னொரு சிலிண்டரோடு அதன் வயரை மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் கேப்பில் தன் டவரோடேயே இணைந்திருக்கும்படி வயரின் இரண்டு முனையையும் சேர்த்து மாற்ற வேண்டும். குறை வயரோடு இடம் மாறினால் வயர். அங்கேயே நின்றால் பிளக்கை மாற்றிப் பாருங்கள்.

புது வயர், புது பிளக், புது கேப் எல்லாம் போட்டும் மேட்டில் மிஸ் நிற்கவில்லை என்றால், காயிலின் இரண்டு சின்ன முனைகள் தலைகீழாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பாசிட்டிவ் எர்த்திலிருந்து (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த அமைப்பு) நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டிகளில் காயிலை மறந்துவிடுவது சகஜம். பிளக்கின் நடு எலெக்ட்ரோடு நெகட்டிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதுதான் அதிகச் சூடான முனை, எலெக்ட்ரான் அங்கிருந்து எளிதாகக் கிளம்பும். திசை மாறினால் அதே ஸ்பார்க்குக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும்.

நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்ஜின் ஆறியதும் எல்லாப் பூட்டுகளையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள். உறையில் பளபளப்பாகத் தேய்ந்த இடம் தெரிந்தால் எங்கே உரசுகிறது என்று பார்த்து, கிளிப்பை நகர்த்துங்கள். ஒவ்வொரு வயரின் ரெசிஸ்டன்ஸையும் அளந்து வண்டியின் கையேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் கார்பன் கோர் ஒன்று ஏறத் தொடங்கினால், ஒப்பிட அந்த எண் வேண்டும்.